மலைச்சரிவில் அஸ்திவாரம் தோண்டுவது: முதல் தடவை இறங்குபவர்களுக்கு

சமதளத்தில் நூறு வீட்டுக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டியவராக இருந்தாலும் மலைச்சரிவில் முதல் வேலையை எடுக்கும்போது அவர் புதியவர்தான். நானும் அப்படித்தான் வந்தேன். சமதளத்தில் குழி தோண்டினால் அந்தக் குழியின் ஓரம் சரியாமல் நின்றால் போதும். சரிவில் அப்படி இல்லை, மேலே இருக்கிற மண், பாறை, மரம், பக்கத்துக் கட்டிடம் எல்லாவற்றுக்கும் இத்தனை நாள் அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த மண்ணைத்தான் நாம் வெட்டி எடுக்கிறோம். அந்த இடத்தில் நம் சுவரோ அஸ்திவாரமோ வந்து தாங்கத் தொடங்கும்வரை சில நாட்களோ சில வாரங்களோ மலைக்கு அங்கே பிடிமானம் கிடையாது. இந்த வேலையின் ஆபத்து முழுக்க அந்த இடைப்பட்ட நாட்களில்தான் இருக்கிறது. அதனால் கீழே மெஷினைப் பற்றிக் குறைவாகவும், தண்ணீரைப் பற்றியும் எந்த வரிசையில் வெட்டுவது என்பதைப் பற்றியும் அதிகமாகவும் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். தடுப்புச் சுவரின் அளவு, அஸ்திவாரத்தின் ஆழம், வெட்டுச் சரிவின் கோணம் இவற்றை மண் பரிசோதனை பார்த்து ஒரு நிலத்தொழில்நுட்ப இன்ஜினியர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் கொடுத்த வரைபடத்தை மலையில் எப்படிப் பத்திரமாகச் செய்து முடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

1. மெஷின் வருவதற்கு முன் மலையை நடந்து பாருங்கள்

உங்கள் மனைக்குள் மட்டும் நடந்துவிட்டு வராதீர்கள். மேலே முகடு தெரியும்வரை, அல்லது போக முடிகிற உயரம்வரை ஏறுங்கள், அப்புறம் கீழே ஓடைவரை இறங்குங்கள். மனை சின்னதாக இருக்கலாம், ஆனால் அதன்மேல் வந்து விழக்கூடிய மண்ணுக்கு எல்லைக்கல் தெரியாது.

என்ன பார்க்க வேண்டும்? மரங்களின் அடிமரம் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து, பிறகு மேல்நோக்கி வளைந்து நின்றால் அங்கே மேல்மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கலாம். ஒரு மரம் அப்படி இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு வரிசையே அப்படி இருந்தால் நின்று யோசியுங்கள். வேலிக்கால்களும் மின்கம்பங்களும் ஒரே திசையில் சாய்ந்திருக்கின்றனவா, புல்லுக்கு அடியில் சரிவுக்குக் குறுக்காக விரிசல் ஓடுகிறதா, சுற்றிலும் காய்ந்திருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் பசுமையும் ஈரமும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஈரம் பெரும்பாலும் ஊற்று. சரிவின் நடுவில் அரைவட்டமாக அள்ளி எடுத்தது போல ஒரு பள்ளமும், அதற்குக் கீழே மேடுபள்ளமான வயிறு போன்ற மண்ணும் இருந்தால் அது பழைய சரிவு. ஒரு முறை சரிந்த மண்ணுக்குள் வழுக்கும் தளம் ஏற்கெனவே உருவாகியிருக்கும், அதன் அடியை வெட்டினால் மறுபடி நகர்வது சுலபம். இப்படிப்பட்ட இடத்தில் நான் வேலையே எடுக்கமாட்டேன். வேறு இடம் பாருங்கள் என்று உரிமையாளரிடம் சொல்வதும் நம் தொழிலின் ஒரு பகுதிதான்.

முடிந்தால் ஒரு நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது போய்ப் பாருங்கள். வெயில் நாளில் பத்துத் தடவை போனாலும் தெரியாத தண்ணீர்ப் பாதை அன்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

2. அடியில் என்ன இருக்கிறது

மலையில் மூன்று விதமான அடித்தளம் கிடைக்கும். ஒன்று தாய்ப்பாறை. இன்னொன்று அந்தப் பாறை அங்கேயே மக்கி உருவான மண். மூன்றாவது மேலிருந்து காலங்காலமாக உருண்டும் வழிந்தும் வந்து சேர்ந்த மண்ணும் கல்லும். கடைசியாகச் சொன்னதுதான் ஏமாற்றும். பார்க்கக் கெட்டியாக இருக்கும், கடப்பாரை போட்டால் கல் தட்டும், ஆனால் மொத்தமாக அது ஒரு தளர்ந்த குவியல்.

வீடு வரப்போகும் இடத்தின் மேல் ஓரத்தில் ஒன்று, கீழ் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று குறைந்தது மூன்று சோதனைக் குழிகளாவது போடுங்கள். ஜேசிபி வைத்து 2 முதல் 3 மீட்டர்வரை தோண்டி, ஓரமாக நின்று அடுக்கைப் பார்த்து, போட்டோ எடுத்து, அன்றைக்கே மூடிவிடுங்கள். குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது. பெரிய கட்டிடம் என்றால் துளை போட்டு, மண்ணின் கெட்டியை அளக்கும் எஸ்.பி.டி. சோதனை செய்வார்கள். 63.5 கிலோ எடையை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 45 சென்டிமீட்டர் இறங்கும்வரை அடிப்பார்கள், அதில் கடைசி 30 சென்டிமீட்டருக்கு எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்று எண்ணுவதுதான் கணக்கு. எண் பெரிதாக வந்தால் மண் கெட்டி. ஆனால் மலையில் குழாய் ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டால் எண் தாறுமாறாக ஏறும், அதைப் பாறை வந்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மண்ணுக்குள் தனிக்கல் புதைந்து கிடக்கும், சில நேரம் ஒரு லாரி அளவுக்குக்கூட இருக்கும். மேலே 1 மீட்டர் அகலத்துக்குப் பாறை தெரிந்தால் புதியவர்கள் சந்தோஷப்பட்டு அதன்மேலேயே தூணை நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கல்லுக்கு அடியில் ஈர மண் இருந்தால் தூணோடு சேர்ந்து கல்லும் நகரும். எனவே பாறை தென்பட்டதும் அதற்குள் இன்னும் சில மீட்டர் துளை போட்டு, தொடர்ந்து பாறையாகவே போகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்து இரண்டு துளைகளிலும் ஏறக்குறைய எதிர்பார்த்த ஆழத்தில் பாறை வந்தால் நம்பலாம். ஒரு துளையில் 1 மீட்டரிலும் அடுத்ததில் 5 மீட்டரிலும் வந்தால் இன்னும் சில துளைகள் போட்டாக வேண்டும்.

தாய்ப்பாறைதான் என்று உறுதியானாலும் அதன் அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். புத்தகங்களை அடுக்கி மேசையைச் சாய்த்தால் மேல் புத்தகம் வழுக்கி வருகிறதே, அதே கதைதான். அடுக்குகள் மலைக்குள் சாய்ந்திருந்தால் வெட்டு முகம் ஓரளவு நிற்கும். சரிவின் பக்கமே சாய்ந்து, நம் வெட்டு முகத்தில் அந்த அடுக்கின் விளிம்பு வெளியே வந்துவிட்டால், அதற்கு மேலே உள்ள பாறைப் பலகை தாங்க எதுவும் இல்லாமல் நிற்கும். நடுவில் மெல்லிய களிமண் பூச்சு இருந்து மழை நீரும் இறங்கினால் போதும். பாறைதானே, செங்குத்தாக வெட்டலாம் என்ற பேச்சை இங்கே நம்பாதீர்கள்.

3. பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்து கணக்குப் போடுங்கள்

மேலிருந்து பார்க்கும் பிளானை எல்லாரும் வைத்திருப்பார்கள். நமக்கு வேண்டியது பக்கவாட்டு வெட்டுத் தோற்றம். கிராப் தாளில் நீங்களே வரையலாம், அதற்குமுன் சரிவைத் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்தாவது அளந்துகொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 3 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் சரிவு, அதாவது சுமார் 18 டிகிரி. கண்ணுக்கு மிதமான சரிவுதான். அதில் சரிவின் திசையில் 9 மீட்டர் அகலம், குறுக்கே 12 மீட்டர் நீளத்துக்கு ஒரே சமதளமாக வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார்கள். பின்பக்கம் வெட்டின் உயரம் 3 மீட்டர், மண் 162 கனமீட்டர். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். அந்த 3 மீட்டர் முகத்தைச் செங்குத்தாக விட முடியாது, 45 டிகிரிக்குச் சாய்த்து வெட்டினால் மேலே மலையும் ஏறிக்கொண்டே போகிறது அல்லவா, இரண்டும் சந்திக்கும் இடம் 4.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். மண் 243 கனமீட்டர் ஆகிவிடும். மண் தளர்வானது, 1 மீட்டர் உயரத்துக்கு 1.5 மீட்டர் படுக்கையாக வெட்ட வேண்டும் என்றால் உயரம் 6 மீட்டருக்குப் போகும், வெட்டு பின்பக்கம் 9 மீட்டர் உள்ளே போய் அடுத்தவர் நிலத்தில் நிற்கும். 3 மீட்டர் வெட்டு என்று பேசித் தொடங்கிய வேலை 6 மீட்டராக மாறுவது இப்படித்தான். அந்த நிலைமைக்கு முதலில் தடுப்புச் சுவரையோ, மண்ணுக்குள் கம்பி இறக்கிப் பிடிக்கும் மண் ஆணியையோ யோசிக்க வேண்டும், வெட்டத் தொடங்கிய பிறகு யோசிக்கக் கூடாது.

வெட்டிய மண் உதிர்ந்து பெருகும். சாதாரண மண் 20 முதல் 30 சதவீதம், உடைத்த பாறை 50 சதவீதமோ அதற்கு மேலோ. ஆக அந்த 243 கனமீட்டர் லாரியில் ஏறும்போது 300-ஐத் தாண்டிவிடும், 5 கனமீட்டர் டிப்பரில் அறுபதுக்கு மேற்பட்ட நடை.

இப்போது அதே வீட்டை 3 மீட்டர் அகலமுள்ள மூன்று படிகளாக இறக்கி வடிவமைத்தால் ஒவ்வொரு படிக்கும் வெட்டு 1 மீட்டர்தான், மொத்த மண் 162-க்குப் பதில் 54 கனமீட்டர். மூன்றில் ஒரு பங்கு! படிகள் கூடக்கூட மண் குறையும், வெட்டு முகமும் தாழ்வாக இருக்கும். ஆர்க்கிடெக்டிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பேச நீங்கள் கூச்சப்பட வேண்டாம். மலையில் நல்ல கட்டிடம் என்பது மலையைக் குறைவாக வெட்டிய கட்டிடம் என்பது என் உறுதியான கருத்து.

வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி அதன்மேல் பாதி வீட்டை வைக்கலாமே என்பார்கள். கூடாது. பின்பாதி பாறையிலோ கெட்டி மண்ணிலோ, முன்பாதி கொட்டிய மண்ணிலும் உட்கார்ந்தால் முன்பக்கம் மட்டும் இறங்கும், நடுவில் சுவர் பிளக்கும். கொட்டிய மண்மேல் நடைபாதையோ தோட்டமோ வரட்டும், தூண்கள் அதைத் துளைத்துக்கொண்டு இயற்கை மண்வரை இறங்கட்டும்.

அஸ்திவாரத்தின் கீழ்ப்பக்க ஓரத்துக்கும் வெளிச் சரிவுக்கும் நடுவே எவ்வளவு மண் இருக்க வேண்டும் என்பதும் இந்தப் படத்திலேயே தெரியும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1904 பாறையில் குறைந்தது 60 சென்டிமீட்டர், மண்ணில் 90 சென்டிமீட்டர் கிடைமட்டத் தூரம் கேட்கிறது, அதோடு அடித்தளத்திலிருந்து 30 டிகிரியில் கீழ்நோக்கி இழுத்த கோடு சரிவை வெட்டிக்கொண்டு வெளியே வரக் கூடாது என்கிறது. இவை குறைந்தபட்ச அளவுகள். பனி உறையும் உயர்ந்த மலைகளில் தரை எவ்வளவு ஆழம்வரை உறைகிறதோ அதற்கும் கீழே அடித்தளம் போக வேண்டும், இல்லாவிட்டால் உறையும் மண் உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கும்.

4. அனுமதி, அக்கம்பக்கம், காலம்

உள்ளாட்சி அனுமதியும், மலைப்பகுதிக்கென்று தனி விதிகள் இருந்தால் அவையும் கையில் வந்த பிறகுதான் மெஷின். மேலேயும் கீழேயும் இருக்கும் கட்டிடங்களின் சுவர்களை, இருக்கிற விரிசல்களோடு, தேதி தெரியும்படி போட்டோ எடுத்து அவர்களிடமும் ஒரு பிரதி கொடுங்கள். மழைக்காலம் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது வெட்டத் தொடங்கி, மூன்று மாதம் ஆகும் வேலையாக இருந்தால், தொடங்காதீர்கள். அடுத்த காய்ந்த பருவத்துக்குக் காத்திருங்கள்.

5. முதல் தோண்டல் தண்ணீருக்காக

வானம் தோண்டுவதற்கு முன், வெட்டு வரப்போகும் இடத்துக்கு மேலே ஒரு தடுப்பு வாய்க்கால் வெட்டுங்கள். மலையிலிருந்து வழிந்து வரும் மழை நீர் வெட்டு முகத்தின்மேல் விழாமல் பக்கவாட்டில் ஓடி, இயற்கையான ஓடையிலோ முறையான வடிகாலிலோ போய்ச் சேர வேண்டும். இதை வெட்டின் விளிம்பை ஒட்டிப் போடாதீர்கள், சில மீட்டர் தள்ளிப் போடுங்கள். ரொம்ப முக்கியம், அடியும் பக்கமும் பூசப்பட்டிருக்க வேண்டும். அவசரமென்றால் தடித்த பிளாஸ்டிக் விரிப்பாவது போடுங்கள். பூசாத வாய்க்கால் தண்ணீரைப் பிடித்து நேராக வெட்டின் தலைக்குள் இறக்கிவிடும், அதற்கு வாய்க்காலே வெட்டாமல் இருந்திருக்கலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர் இரண்டு பக்கமும் கெடுதல் செய்கிறது. மண்ணின் எடையைக் கூட்டுகிறது, மண்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி உராய்வைக் குறைக்கிறது. சுவருக்குப் பின்னால் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் மட்டும் நின்றால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 4.5 டன் விசையோடு தள்ளும், மண்ணின் தள்ளல் அதற்கு மேல் தனி. மலேசியாவில் 1993 டிசம்பர் 11 அன்று ஹைலேண்ட் டவர்ஸ் குடியிருப்பின் ஒரு பிளாக் மொத்தமாகச் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். கட்டிடத்துக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவில் வடிகால் சரியில்லாமல் தண்ணீர் சேர்ந்து, தடுப்புச் சுவர்கள் விட்டுக்கொடுத்து, மண் வந்து அஸ்திவாரத்தைத் தள்ளியது. அந்தக் கட்டிடம் எழும்பி பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வேலை நடக்கும் நாட்களில் மாலையில் கிளம்பும் முன் வெட்டு முகத்தைத் தார்ப்பாயால் மூடி, மேல் விளிம்பைத் தாண்டி 1 மீட்டராவது விரித்து, மண்மூட்டை வைத்து அழுத்திவிட்டுப் போங்கள். வானிலை அறிக்கை மழை இல்லை என்றாலும்தான். குழியின் அடியில் தண்ணீர் தேங்காமல் ஒரு மூலைக்கு வாட்டம் கொடுத்து அங்கே பம்பு வையுங்கள்.

6. மண்ணை எங்கே கொட்டுவது

இதைப் புதியவர்கள் கடைசியில் யோசிக்கிறார்கள். டிப்பர் ஏறி வர முடியாத மனை என்றால் சரிவில் கீழே தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். தள்ளிய மண் இறுகாமல் கிடக்கும், மழையில் சேறாகி கீழே இருப்பவர் வீட்டுக்குள் போகும். வேல்ஸில் அபர்வான் என்ற ஊரில் 1966 அக்டோபர் 21 அன்று மலைமேல் கொட்டி வைத்த சுரங்கக் கழிவு மேடு வழிந்து இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது, 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டை ஊற்றுக்கு மேலேயே கொட்டியிருந்தார்கள். நாம் கொட்டுவது அவ்வளவு பெரிதில்லைதான், ஆனால் காரணம் ஒன்றேதான்: இறுக்காத மண், அடியில் தண்ணீர், சரிவு.

திரும்பப் போடத் தேவையான மண்ணை மட்டும் மனையில் வைத்துக்கொண்டு மீதியை அன்றன்றே வெளியேற்றுங்கள். வைக்கும் மண்ணும் வெட்டின் மேல் விளிம்பில் இருக்கவே கூடாது. சமதளத்தில் குழி ஓரத்திலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் போதும் என்று விதிகள் சொல்லும், மலையில் வெட்டுக்கு மேல்பக்கம் ஒரு கூடை மண்கூட வைக்காமல் இருப்பதுதான் என் வழக்கம்.

7. வெட்டும் வரிசை

மேலிருந்து கீழே. இதற்கு விதிவிலக்கு கிடையாது. அடியில் குடைந்துவிட்டால் மேல்மண் தானாக விழும், அள்ளிக்கொள்ளலாம் என்று சில ஆபரேட்டர்கள் சுலபவழி சொல்வார்கள். அவர்களை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்துங்கள்.

முதலில் மேல் விளிம்பில் இருக்கும் தளர்ந்த கற்களையும், விழக்கூடிய மரங்களையும் அகற்றுங்கள். ஆனால் அதற்கு மேலே இருக்கும் செடிகொடிகளைத் தொடாதீர்கள், வேர்கள் மேல்மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிறகு பொக்லைன் நிற்க ஒரு சமமான தளம் வெட்டி, அதில் நின்று 1 முதல் 1.5 மீட்டர் உயரத்துக்கு ஓர் அடுக்கு, முகத்தைச் சீர்செய்தபின் அடுத்த அடுக்கு என்று இறங்குங்கள்.

எந்தக் கோணத்தில் நிற்கும்? அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகளில், சுமார் 6 மீட்டர் ஆழம்வரை, கெட்டிக் களிமண்ணுக்கு 53 டிகிரி, நடுத்தர மண்ணுக்கு 45, மணலுக்கும் ஈரம் கசியும் மண்ணுக்கும் 34 டிகிரி என்று உச்ச அளவு இருக்கிறது. விளிம்பில் சுமை இருந்தால் இன்னும் படுக்கையாக வெட்ட வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. மேலே ஏறிக்கொண்டே போகும் மலையைவிட வேறென்ன சுமை வேண்டும்? எனவே இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு மலையில் வெட்டாதீர்கள், உங்கள் இன்ஜினியர் கொடுத்த கோணம்தான் கணக்கு.

முகம் நீளமாக இருந்தால் முழு நீளத்தையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டாம். 12 மீட்டர் சுவரை 2 மீட்டர் வீதம் ஆறு பகுதியாகப் பிரித்து எண் போடுங்கள். முதலில் 1-ஐயும் 4-ஐயும் மட்டும் வெட்டி, அங்கே சுவரைக் கட்டி, கான்கிரீட் போதுமான பலம் பிடித்த பிறகு 2, 5. கடைசியாக 3, 6. வெட்டாத பகுதிகள் தூண் மாதிரி நின்று மேலுள்ள மண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கும். மெதுவான வேலைதான், மெஷின் பல தடவை வந்து போக வேண்டும், உரிமையாளர் முணுமுணுப்பார். அவரை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்குங்கள்.

ஹாங்காங்கில் 1972 ஜூன் 18 அன்று, நாள்கணக்கில் கொட்டிய கனமழைக்குப் பிறகு போ ஷான் சாலை மலைச்சரிவு இடிந்து இறங்கி ஒரு 12 மாடிக் கட்டிடத்தையே சாய்த்தது, 67 பேர் பலியானார்கள். அந்தச் சரிவில் கட்டுமானத்துக்காக வெட்டிய செங்குத்தான முகம் போதுமான தாங்கல் இல்லாமல் திறந்து கிடந்தது. மலை வெட்டுகளைத் தணிக்கை செய்யவே அங்கே 1977-இல் தனி அரசு அலுவலகம் தொடங்கினார்கள். திறந்த முகம், தாங்கல் இல்லை, மழை. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உங்கள் சைட்டில் சேரவிடாதீர்கள்.

ஆபரேட்டருக்குச் சொல்ல வேண்டியவை: சரிவில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும், குறுக்கே ஓட்டினால் கவிழும். நகரும்போது பக்கெட் தரையை ஒட்டித் தாழ இருக்கட்டும். நிறைந்த பக்கெட்டைப் பள்ளத்துப் பக்கமாக வேகமாகத் திருப்பக் கூடாது. விளிம்பில் வேலை செய்யும்போது மெஷினின் செயின் பட்டைகள் விளிம்புக்குச் செங்கோணத்தில் இருந்தால் ஆபத்தில் ஒரே இழுப்பில் பின்வாங்கலாம். மெஷினுக்கு நேர் கீழே சரிவில் ஓர் ஆள்கூட நிற்கக் கூடாது, கீழே பாதை இருந்தால் அடைத்துவிட்டு, உருளும் கல்லைப் பிடிக்கத் தடுப்பு போடுங்கள். சாதாரணப் பொக்லைன் நிற்க முடியாத சரிவுக்கு நான்கு கால்களைத் தனித்தனியாக மடக்கி நீட்டி நிற்கும் சிலந்தி எக்ஸ்கவேட்டர்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பழகிய ஆபரேட்டர் வேண்டும்.

8. பாறை வந்தால்

பாறையைக் குத்தி உடைக்கும் பிரேக்கர் போதும் என்றால் பிரேக்கர். பக்கத்தில் கட்டிடமோ, நடுங்கும் சரிவோ இருந்தால் அதிர்வில்லாத வழி பாருங்கள். துளைகளில் விரியும் சிமெண்டுக் கலவையை ஊற்றினால் பல மணி நேரத்தில், சிலவகைக்கு ஒரு நாளில், பாறை சத்தமில்லாமல் பிளக்கும். ஊற்றிய பிறகு துளைக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, சூட்டில் கலவை துப்பாக்கி மாதிரி பீறிட்டு வரும், கண் போய்விடும். வெடி வைப்பது உரிமம் பெற்றவர் வேலை. மலையில் அதை நான் கூடியவரை தவிர்க்கிறேன், நமக்கு வேண்டிய பாறையோடு வேண்டாத பாறையையும் அது தளர்த்திவிடுகிறது.

9. குழிக்குள் ஆள் இறங்குவது

1 கனமீட்டர் மண் ஒன்றரை முதல் இரண்டு டன். மார்புவரை மூடினாலே மூச்சை உள்ளே இழுக்க முடியாது. 1.5 மீட்டர் ஆழத்துக்கு மேல் போனால், கெட்டிப் பாறையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும், சாய்த்து வெட்டியிருக்க வேண்டும் அல்லது பலகையும் முட்டும் கொடுத்திருக்க வேண்டும். எந்த இடத்திலிருந்தும் ஏழெட்டு மீட்டருக்குள் ஏணி இருக்கட்டும். காலையில் வேலை தொடங்கும் முன்னும், மழை நின்ற பிறகும், பிரேக்கர் ஓடிய பிறகும் விவரம் தெரிந்த ஒருவர் முகத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே ஆட்கள் இறங்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று முதல் நாளே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள், எல்லாரும் பார்ப்பார்கள் என்று விட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

10. விரிசல் தெரிந்தால்

வெட்டுக்கு மேலே இரண்டு வரிசையாக மர முளைகள் அடித்து, அவற்றுக்கு நடுவிலான தூரத்தைத் தினமும் காலையில் டேப்பால் அளந்து நோட்டில் எழுதுங்கள். பழைய சுவர் விரிசலின்மேல் ஒரு கண்ணாடித் துண்டைப் பூசி ஒட்டிவைத்தால், விரிசல் அசைந்ததும் கண்ணாடி உடையும்.

என் தொடக்க நாட்களில் ஒரு சைட்டில் இரவு மழை. காலையில் வெட்டு முகம் நன்றாகத்தான் தெரிந்தது, நாங்கள் வேலையைத் தொடங்கிவிட்டோம். மேலே குச்சி வெட்டப் போன ஒருவரின் கால் புல்லுக்குள் இறங்கியது. விளிம்பிலிருந்து 4 மீட்டர் தள்ளி விரல் அகலத்துக்கு விரிசல், கிட்டத்தட்ட வெட்டின் முழு நீளத்துக்கும்! எல்லாரையும் மேலே ஏற்றினோம். கூட இருந்த மூத்த இன்ஜினியர் முதலில் சொன்னது, வெட்டின மண்ணைத் திரும்ப அடியிலேயே கொட்டு என்பதுதான். ஆள் யாரையும் கீழே விடாமல், மெஷினை ஒரு பக்கமாகத் தள்ளி நிறுத்தி, முகத்தின் அடியில் மண்ணைக் குவித்தோம், விரிசலைத் தார்ப்பாயால் மூடினோம், மூன்று நாள் முளைகளை அளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அது நின்றது. முந்தின நாள் மாலை மேலே ஏறிப் பார்க்காதது என் தவறு. அதற்குப் பிறகு மேலே ஏறிப் பார்க்காமல் எந்த நாளும் வேலையைத் தொடங்கியதில்லை.

அதேபோல முகத்தின் ஒரு பகுதி சரிந்து அடியில் குவிந்துவிட்டால் உடனே அதை அள்ளாதீர்கள். அந்தக் குவியல்தான் இப்போது மீதியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

11. அடிமட்டம்

கடைசி 15 முதல் 20 சென்டிமீட்டரை மெஷினால் எடுக்காதீர்கள், பக்கெட் பற்கள் அடிமண்ணைக் கிளறிவிடும். கான்கிரீட் போடும் அன்று கையால் வெட்டி, தளர்மண்ணைச் சுத்தமாக அள்ளி, இன்ஜினியர் பார்த்து ஒப்புக்கொண்டதும் அன்றைக்கே 75 முதல் 100 மில்லிமீட்டர் பி.சி.சி., அதாவது கம்பியில்லாத கான்கிரீட், போட்டு மூடிவிடுங்கள். திறந்து கிடக்கும் மக்கிய பாறை ஒரு மழையில் சேறாகும். தெரியாமல் அதிக ஆழம் தோண்டிவிட்டால் அந்தப் பள்ளத்தை மண்ணால் நிரப்பக் கூடாது, கான்கிரீட்டால் நிரப்புங்கள்.

பாறை சாய்வாக இருந்தால் அந்தச் சாய்வின்மேல் அப்படியே கான்கிரீட் ஊற்றாதீர்கள், படி படியாகச் செதுக்கி ஒவ்வொரு படியையும் மட்டம் செய்யுங்கள். வரைபடத்தில் இருந்தால் துளை போட்டுக் கம்பி நட்டுப் பாறையோடு பிணையுங்கள். அடியில் ஊற்று தெரிந்தால் அதைக் கான்கிரீட்டால் அடைக்கப் பார்க்காதீர்கள். அது வேறு வழி தேடும். குழாய் வைத்து வெளியே எடுத்துவிடுங்கள்.

12. சுவரும் பின் நிரப்பலும்

சுவருக்குப் பின்னால் வெட்டிய மண்ணையே அள்ளிப் போட்டு மூடுவதுதான் பரவலாக நடக்கும் தவறு. சுவரை ஒட்டி சுமார் 30 சென்டிமீட்டர் தடிமனுக்கு ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில் வடிகட்டித் துணி, ஜல்லியின் அடியில் துளையிட்ட குழாய், சுவரில் 1.5 முதல் 2 மீட்டர் இடைவெளியில் தண்ணீர் வெளியேற 75 அல்லது 100 மில்லிமீட்டர் துளைகள், அதாவது நீர்க்கண்கள். மீதி இடத்தில் மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டு இறுக்குங்கள், சுவரை ஒட்டிக் கனமான ரோலர் ஓட்டாதீர்கள். கான்கிரீட் முழுப் பலம் பிடிக்கும் முன் நிரப்பத் தொடங்கவும் கூடாது. கடைசி அடுக்கைக் களிமண்ணால் மூடி, சுவருக்கு வெளியே வாட்டம் கொடுத்தால் மேல்தண்ணீர் உள்ளே இறங்காது.

பில் தீர்ந்த பிறகும் முளைகளைப் பிடுங்காதீர்கள், முதல் மழைக்காலம் முடியும்வரை இருக்கட்டும். அந்த மழையில் ஒரு நாள் போய் நீர்க்கண்களைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் நல்லது. கலங்கலாக மண்ணோடு வந்தால் வடிகட்டித் துணி எங்கோ கிழிந்து உள்ளே மண் குறைந்துகொண்டிருக்கிறது. மேலே சரிவெல்லாம் நனைந்திருக்க ஒரு கண்ணில்கூடச் சொட்டு வரவில்லை என்றால் அடைத்துக்கொண்டிருக்கிறது, அன்றைக்கே கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிட்டு, மேலே ஏறிப்போய் தடுப்பு வாய்க்காலையும் ஒரு தடவை தூர்வாரிவிட்டு வாருங்கள்.